விளக்குப் போடாமலே வாசித்தவர்

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவூதியில் யான்பு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், "உன் வாய்க்கு மட்டும் தனியா ஒரு விசா எடுக்கணும்" என்று போனில் அடிக்கடி சொல்வார். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் ஷார்ஜாவில் ஒரு கண் மருத்துவமனையில் பதினேழு வருடமாகக் காலம் தள்ளுகிறேன். முதலில் பார்வையைப் பரிசோதிக்கும் டெக்னீஷியனாக இருந்தேன். சில வருடங்களாகப் புது மருந்துகளின் ஆய்வுக்கு ஆள் சேர்த்து, சேர்ந்தவர்களைக் கடைசி நாள் வரை கவனித்துக்கொள்ளும் வேலை. இதில் நான் பெருமைப்பட எத்தனையோ உண்டு. எல்லாவற்றிலும் பெரியது எதுவென்று கேட்டால், ஒரு மனிதர் என் முன்னால் உட்கார்ந்து "தெரியல" என்று சொன்னதைத்தான் சொல்வேன். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

சர்க்கரை நோய் முற்றினால் கண்ணுக்குள்ளே நீர் கோத்து நடுப்பார்வை மங்கிவிடும். அதற்கு ஊசி இருக்கிறது, ஆனால் மாதாமாதம் கண்ணில் போட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட நாள்பட நிற்கும் என்று சொல்லப்பட்ட ஒரு புது மருந்தைப் பல நாடுகளில் ஒரே நேரத்தில் சோதித்தார்கள். எங்கள் மருத்துவமனையும் அதில் ஓர் இடம். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய மருந்து, பாதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எது கிடைத்தாலும் மருந்துதான். லேபர் கேம்ப்பில் தங்கியிருக்கும் தொழிலாளிகளின் இன்சூரன்ஸ் அட்டையில் அந்த ஊசி வராது என்பதால், அவர்களுக்கு இது கண் பிழைக்க ஒரு வழி.

ஆனால் அவர்கள் யாரும் உள்ளே இல்லை. ஆய்வு தொடங்கி நாலைந்து மாதம் கழித்துப் பட்டியலைப் பார்த்தால் வில்லாவில் வசிக்கும் அரபுக் குடும்பத்துப் பெரியவர்கள், ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள், வங்கி மேலதிகாரிகள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் கண் கண்தான். ஆனால் எங்கள் மாடி ஜன்னலைத் திறந்தால் தொழில்பேட்டை பார்வைக்கு எட்டும்வரை கிடக்கிறது. கராஜ், பட்டறை, கிடங்கு என்று எல்லாவற்றுக்குள்ளும் நம் ஆட்கள். சர்க்கரையும் நம் ஆட்களைத்தான் சின்ன வயதிலேயே பிடிக்கிறது. நாளைக்கு அந்த மருந்து கடைக்கு வந்தால் நமக்கும் அதையேதான் குத்துவார்கள். நம் கண்ணில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருக்காது.

ஆய்வை நடத்தும் கம்பெனியிலிருந்து காகிதங்களைச் சரிபார்க்க ஒரு பெண் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐரோப்பாவிலிருந்து வருவாள். தங்கமான பெண், சாக்லேட் இல்லாமல் வரமாட்டாள். தொழிலாளிகள் ஒருவர்கூட ஏன் சேரவில்லை என்று அவளிடம் கேட்டேன். அவர்கள் பாதியில் ஊருக்குப் போய்விடுவார்கள், கம்பெனி மாறுவார்கள், போன் நம்பர் மாறும், சொன்ன தேதிக்கு வரமாட்டார்கள் என்றாள். அவளுடைய நாட்டிலும் குடியேறி வந்தவர்களைப் பற்றி இப்படித்தான் சொல்வார்களாம், அதனால் அவர்களைக் கேட்பதே இல்லையாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒருத்தரைக்கூடச் சேர்த்துப் பார்க்காமலே ஓடிப்போவார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன். அவள் சாக்லேட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

சேர்த்துக் காட்டுகிறேன் என்று வீம்புக்குக் கிளம்பினேன். தொழில்பேட்டையில் சர்க்கரைப் பரிசோதனை நடக்கும் இடங்களுக்கெல்லாம் தகவல் சொல்லி அனுப்பினேன். ஒரு கேம்ப்பிலிருந்து ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஓட்டல் சமையலறைகளுக்கு எவர்சில்வர் மேஜையும் தொட்டியும் செய்யும் பட்டறை அவர்களுடையது. இராமநாதபுரம், சிவகங்கை, பெரம்பலூர்ப் பக்கத்து ஆட்கள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் தனியாக வரமாட்டார்கள். ரூமிலிருந்து துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வருவார். எல்லோருக்கும் துணையாக வந்தது ஒரே ஆள்தான், பட்டறையின் ஸ்டோர் கீப்பர். விதிப்படி துணை ஆள் வெளியே இருக்க வேண்டும். நானோ, நம்மாளுதானே, அங்கே போய் வெயிலில் நிற்பானேன் என்று பரிசோதனை அறைக்குள்ளேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

அந்த அறையில் நடப்பது இதுதான். ஒரு கோடியில் வெளிச்சப் பெட்டி, அதன் மேல் இங்கிலீஷ் எழுத்து அட்டை. வரிக்கு ஐந்து எழுத்து, மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே போகப் போகப் பொடியாகும். மற்றக் கோடியில் நாற்காலி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க வேண்டும். அறை இருட்டாக இருக்கும். என் மேஜையில் மட்டும் சின்ன விளக்கு. அதே எழுத்துகள் அச்சடித்த தாளில், அவர்கள் சரியாகச் சொல்லச் சொல்ல நான் குனிந்தபடி வட்டம் போடுவேன். ஆய்வில் சேர வேண்டுமென்றால் வாசிப்பு ஓர் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். அதைத் தாண்டி வாசித்தால் கண் நன்றாக இருக்கிறது, ஊசி தேவையில்லை, போய் வரலாம்.

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தாண்டினார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவர்கள்கூடக் கடகடவென்று கடைசி வரிகள் வரை வந்தார்கள். என் மண்டையில் மண் விழ, நான் என்ன செய்தேன் தெரியுமா? பூரித்துப்போனேன். "வெரி குட் அண்ணாச்சி! பிரமாதமா வாசிக்கிய!" என்று கைதட்டாத குறை. வெள்ளைக்காரர்கூடத் திணறுகிற வரியை நம் ஆள் வாசிக்கிறாரே என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. அவர்கள் போன பிறகு "தகுதியில்லை, பார்வை நன்றாக உள்ளது" என்று நானே என் கையால் எழுதி வைப்பேன்.

ஏதோ இடிக்கிறதே என்று முதலில் சொன்னவர் எங்கள் பெரிய டாக்டர். சூடான் நாட்டுக்காரர், சத்தம் போட்டுப் பேசவே தெரியாத மனிதர். கண்ணுக்குள்ளே எடுத்த ஸ்கேன் படங்களைத் திரையில் வரிசையாக வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். எல்லாமே தண்ணீரில் ஊறிய பணியாரம் மாதிரி வீங்கிக் கிடந்தன. "சிஸ்டர், இந்தக் கண் எப்படி அந்த வரியை வாசிக்கும்?" என்று கேட்டார். சில கண்கள் அப்படி இருக்கும் டாக்டர் என்று ஏதோ உளறி வைத்தேன்.

பதில் மறு வாரம் தானாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. அதே பட்டறையில் தகடு வெட்டும் ஒருவர், இராமநாதபுரம் பக்கம், ஐம்பதை நெருங்கியவர். அழுத்தி வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் இடக்கண்ணை மூடிவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, என் தாளைக் குனிந்து பார்த்தபடி ஆரம்பிங்க அண்ணாச்சி என்றேன். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். ஒரு தப்பில்லை. பத்தாவது வரியைத் தாண்டியதும் வெரி குட் சொல்லத் தலையைத் தூக்கினேன். எதிரே வெளிச்சப் பெட்டி கும்மிருட்டாக இருந்தது. காலையில் அறையைக் கூட்டிப் பெருக்கியவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறார். அட்டையில் ஒரு எழுத்துகூட, நல்ல கண்ணுக்கும் தெரியாது.

அவர் அடுத்த வரியைத் தொடங்கியிருந்தார்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க. விளக்கே போடல."

நான் எழுந்து அறை விளக்கைப் போட்டேன். என் சத்தம் வெளியே வரவேற்பறை வரை கேட்டிருக்கும். "அடப்பாவிகளா! இத்தன பேரும் மனப்பாடம் பண்ணிட்டா வந்திய? நான் இங்க கோட்டிக்காரி மாதிரி வெரி குட், வெரி குட்னு சொல்லிட்டு இருக்கேன்!" மூலையில் இருந்த ஸ்டோர் கீப்பர் மெதுவாக நழுவி வெளியே போனார். நல்ல கண்ணுள்ள அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து அட்டை முழுவதையும் எழுதிக்கொண்டு போய் ரூமில் கொடுத்திருக்கிறார். நாற்காலி போட்டுக் கொடுத்த புண்ணியவதி நான்.

"பெட்டி எரியலன்னு தெரியலயா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எரியாத மாதிரிதான் இருந்துச்சு சிஸ்டர். நம்ம கண்ணுதான் இன்னும் கெட்டுப்போச்சோன்னு பயந்துபோயிட்டேன். அதான் நிறுத்தாம சொல்லிட்டேன்."

எனக்கு அதுவரை இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"கண்ணுக்கு ஊசி போடத்தான கூப்பிட்டோம்? என்னத்துக்கு அண்ணாச்சி பொய் சொன்னிய?"

அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சிஸ்டர், நான் கிளம்புறதுக்கு முன்னாடி ஊர்ல மெடிக்கல், இங்க எறங்குனதும் மெடிக்கல், வருசா வருசம் கம்பெனி மெடிக்கல். இதுவரைக்கும் எதுலயும் பெயிலானதில்ல. கண்ணு தெரியலன்னு ஒரு காகிதத்துல எழுதிட்டாய்ங்கன்னா கலாஸ், கதை முடிஞ்சுது, விசாவ கான்சல் அடிச்சு ஊருக்கு ஏத்தி விட்ருவாய்ங்க. எங்க ரூம்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளு கண்ணு டெஸ்ட்ல தோத்ததில்ல." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அந்த நிலைமையிலும் அவர் குரல் நிமிர்ந்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாழ்க்கை முழுக்க எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லியே பிழைத்தவர்களை நான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வில்லாக்காரர்கள் வந்ததும் முதல் வேலையாக டாக்டர், ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். அவர்களுக்கு அதைச் சொல்வதில் ஒரு நஷ்டமும் கிடையாது. இதை நான் யோசித்திருக்க வேண்டும். நானும் இங்கே இறங்கிய அன்று, முதுகுவலியை மறைத்துக்கொண்டு நேராக நின்று எக்ஸ்ரே எடுத்தவள்தானே.

அன்றே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், துணை ஆளை உள்ளே உட்கார வைத்தது உட்பட. என் வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். அவர் என் தவறு, அட்டை வெளியே போனது, ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் எழுதி ஆய்வுக் கம்பெனிக்கு அனுப்பினார். பதில் வந்தது. எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. வாசித்தது செல்லாது, வேறு அட்டைகள் அனுப்புகிறோம், அவர்களை இன்னொரு தடவை பரிசோதிக்கலாம். ஆனால் ஆறு வாரத்தில் எல்லா நாடுகளிலும் ஆள் சேர்ப்பது முடிந்துவிடும், அதற்குப் பிறகு யாரையும் எடுக்க முடியாது என்றும் எழுதியிருந்தார்கள்.

நான் ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஒருவரும் எடுக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் மட்டும் எடுத்து, "மாட்டி விட்றாதீங்க சிஸ்டர்" என்று வைத்துவிட்டார். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் டாக்டரையும் கூட்டிக்கொண்டு நானே கேம்ப்புக்குப் போனேன், ஒரு சாயங்காலம், டியூட்டி பஸ் வந்து எல்லோரும் குளித்து முடித்த நேரத்தில். எட்டுப் பேர் ரூம். டாக்டரைக் கட்டிலில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அவ்வளவு உயரமான மனிதர் மேல் கட்டிலில் தலை இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே பேசினார், எங்கேயோ பொறுக்கிய இந்தியில். நான் தமிழில் சொன்னேன்.

"எங்கள சோதனை எலி ஆக்குறீங்க, அதான?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எது கிடைத்தாலும் மருந்துதான், ஆனால் புது மருந்தில் இன்னும் தெரியாதது இருக்கலாம், எந்த ஊசியிலும் ஆயிரத்தில் ஒருவருக்குக் கண்ணில் சீழ் பிடிக்கலாம், வேண்டாமென்றால் எந்த நாளும் விலகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்று டாக்டர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இந்தப் பரிசோதனைக் காகிதம் உங்கள் கம்பெனிக்குப் போகாது என்று தன் நெஞ்சில் கையை வைத்தார்.

"போகாதுன்னா, மாசாமாசம் டியூட்டில கேட்டுட்டு வரணுமே, அப்பத் தெரிஞ்சிராதா?"

அதற்கும் நான் வழி வைத்திருந்தேன். அவர்களுக்கு வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் விடுமுறை, எங்கள் மருத்துவமனை அன்றைக்கு மூடியிருக்கும். டாக்டரும் நானும் ஞாயிறு காலையில் வந்து திறப்பது என்று பேசி முடித்திருந்தோம். எனக்குப் பூசை தவறாது, இங்கே சர்ச்சில் சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிறு பூசை உண்டு. இத்தனையும் சொன்ன பிறகு, ஒருவர் எழுந்து டீ கிளாஸ்களை ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். தகடு வெட்டும் அண்ணாச்சி சுவரோரம் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கேம்ப் கேட்டைத் தாண்டும்போது பின்னாலேயே வந்தார். இடது கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் நுனியில் ஆழமான வெட்டு ஆறிக்கொண்டிருந்தது. "கோடு தெரியல சிஸ்டர். மார்க்கர்ல போட்ட கோடு நடுவுல காணாமப் போயிருது. விரல வச்சுத் தடவித் தடவித்தான் வெட்டுறேன், நாலு மாசமா. போன வாரம் மெஷினு விரலப் பாத்துருச்சு. இன்னும் ஒரு நூலு தள்ளியிருந்தா விரலே இல்ல. வீட்டுல சொல்லல. யார்கிட்டயும் சொல்லல."

"இப்ப எங்கிட்ட சொல்லிட்டியளே அண்ணாச்சி. அந்த நாற்காலில வந்து சொல்லுங்க, போதும்."

"பாப்போம்" என்றார். நம் ஆட்கள் பாப்போம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம்.

ஆனால் வந்தார். அந்த ஞாயிறு காலை மருத்துவமனைக் கதவைத் திறக்கப் போனால் வாசலில் நின்றுகொண்டிருந்தார், அதே இஸ்திரிச் சட்டை. எதிர்ப்பக்கத்து நிழலில் ரூம் ஆட்கள் ஐந்தாறு பேர், சம்பந்தமே இல்லாதவர்கள் மாதிரி, டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை நான் யாருக்கும் நாற்காலி போடவில்லை. புது அட்டை. பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.

"தெரியிறத வாசிங்க அண்ணாச்சி" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவரை மாற்றிச் சொல்ல வைக்கவும் கூடாது, தட்டிக்கொடுக்கவும் கூடாது. பதினேழு வருடத்தில் என் வாய் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

முதல் வரியைத் தட்டுத் தடுமாறி வாசித்தார். இரண்டாவது வரியில் இரண்டு தப்பு. மூன்றாவதில் சட்டென்று வேகம் வந்தது, பழைய அட்டையின் மூன்றாவது வரி. பாதி வரியில் தானே நிறுத்தினார்.

"இல்ல சிஸ்டர். அது பழசு. அடிச்சிருங்க."

கழுத்தை முன்னால் நீட்டினார், பின்னால் சாய்ந்தார், தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தார். ஓர் எழுத்தைச் சரியாகச் சொன்னார். அடுத்ததைச் சொல்ல உதடு அசைந்தது. அப்படியே நின்றது. வெளியே சாலையில் ஒரு டிரெய்லர் போகும் சத்தம் முழுதாகக் கேட்டு முடிந்தது.

"தெரியல" என்றார்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "எழுதிக்கங்க சிஸ்டர். எனக்குக் கண்ணு தெரியல. இதுக்கு மேல ஒரு எழுத்தும் தெரியல."

நான் எழுதினேன். என் பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு இப்படி நெஞ்சு விம்மவில்லை. எழுந்து நின்று ஒரு சல்யூட் வைக்க வேண்டும் போல இருந்தது. விதி இருக்கிறதே, அடுத்த கண்ணை மூடுங்க அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன்.

அவர் வெளியே போனதும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். "எடுத்துக்கிட்டாய்ங்க. உள்ளதச் சொன்னேன்" என்றார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் முன்பு கடைசி வரி வரை வெளுத்து வாங்கிய ஓர் ஆள் உள்ளே வந்து, உட்காருவதற்கு முன்னாலேயே, "சிஸ்டர், எனக்கு அந்தப் பெட்டிதான் தெரியுது, எழுத்து தெரியல" என்றார். உட்கார்ந்த பிறகு சொல்லுங்க என்று நான் அதட்ட வேண்டியிருந்தது. மற்றவர்களும் வந்தார்கள். இரண்டு பேருக்குப் பார்வை உண்மையிலேயே நன்றாக இருந்தது, அவர்களைத் திருப்பி அனுப்பினேன். மற்ற எல்லோரும் சேர்ந்தார்கள். ஆள் சேர்ப்பின் கதவு சாத்தப்படுவதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள்.

சொன்னபடி காகிதம் அவர்கள் கம்பெனிக்குப் போகவில்லை. ஆனால் அண்ணாச்சி தானே போனார். முதல் ஊசி போட்ட மறுநாள் ஃபோர்மேன் முன்னால் நின்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். இனி கோடு தெரியாமல் மெஷினில் நிற்கமாட்டேன் என்றாராம். ஃபோர்மேன் மலையாளி, பட்டறை அதிரக் கத்தியிருக்கிறார், இத்தனை நாள் கண் தெரியாமலா வெட்டினாய் என்று. ஊருக்கு அனுப்பவில்லை. பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். ஓவர்டைம் போயிற்று, மெஷின்காரர் என்ற மரியாதை போயிற்று. ஒரு மாதம் அவர் முகம் இருண்டே கிடந்தது. சொன்னது தப்போ சிஸ்டர் என்று ஒரு தடவை கேட்டார். நான் சொட்டு மருந்துப் பாட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு தவறாமல் வந்தார்கள். தேதி எழுதிய அட்டையைப் பாஸ்போர்ட் மாதிரி சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். ஒருவர் கம்பெனி மாறி அபுதாபிக்குப் போனார், அங்கிருந்து பஸ் பிடித்து வந்தார். ஒருவர் போன் நம்பர் மாற்றினார், புது நம்பரைச் சொல்ல அன்றைக்கே நேரில் வந்து நின்றார். கூடவே ஒரு பை பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். வில்லாக்காரர்களில் சிலர் கோடை விடுமுறைக்கு வெளிநாடு போய் இரண்டு தேதிகளைத் தவறவிட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர்கூட ஒரு தேதியும் தவறவிடவில்லை. அண்ணாச்சிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் லீவு நடுவில் வந்தது. கடைசிப் பரிசோதனை முடியட்டும் என்று இரண்டு மாதம் தள்ளிப் போட்டார். வீட்டுக்காரம்மா ஒரு வாரம் போனில் பேசவில்லையாம்.

ஐரோப்பாப் பெண் வந்து காகிதங்களைப் புரட்டினாள். இந்த வரிசையில் ஒரு காலியிடம்கூட இல்லையே என்றாள். இல்லைதான் என்றேன். அன்றைக்கு அவள் கொண்டுவந்த சாக்லேட்டை முழு டப்பாவாக எடுத்துப்போய் ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்குக் கொடுக்கப் பார்த்தேன், சர்க்கரை என்று நினைவுக்கு வந்ததும் டாக்டரிடமே கொடுத்துவிட்டேன்.

கடைசி நாள் வந்தது. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக வாசித்தார். அந்த ஞாயிறு உதடு நின்ற இடத்தைத் தாண்டினார். அதற்கு அடுத்த வரியையும் தாண்டினார். எழுத்து எழுத்தாக, ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் சொன்னார். எல்லோருக்கும் இப்படி வரவில்லை, ஒருவருக்குப் பார்வை இருந்த இடத்திலேயே நின்றது. இவருக்கு வந்தது. புது மருந்தா பழைய மருந்தா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேக்கிங்கிலிருந்து பழைய வேலைக்கு ஃபோர்மேன் திரும்பக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். மறுநாள் ஊருக்கு விமானம்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி நின்றார். "சிஸ்டர், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? அந்தக் கண்ணுப் படம் எடுப்பீங்கள்ல, அதுல ஒண்ணு கெடைக்குமா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"வீட்டுல காட்டணும். இத்தன வருசமா ஃபிட்டு ஃபிட்டுன்னு எழுதுன காகிதமாத்தான் காட்டிருக்கேன். ஒண்ணுலயாச்சும் உள்ளது இருக்கட்டும்."

டாக்டரிடம் கேட்டேன். தாராளமாகக் கொடு என்றார். முதல் நாள் வீங்கிக் கிடந்த படமும் அன்றைய படமும் ஒரே தாளில் மேலும் கீழுமாக வரும்படி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழே மெதுவாகப் பார்த்தார். மூலையில் இருந்ததை விரல் வைத்துப் படித்தார்.

"என் பேர் இல்லயே சிஸ்டர்? வெறும் நம்பர்தான் இருக்கு."

"ஆய்வுல யாருக்கும் பேர் போட மாட்டாங்க அண்ணாச்சி. உலகம் பூரா எல்லாருக்கும் நம்பர்தான். இதப் பாக்குற டாக்டர்களுக்கு நீங்க யாருன்னு தெரியாது."

அவர் தாளை மடக்காமல், கசங்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார். நான் கட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"தெரியாட்டிப் போகுது தங்கச்சி. நான் சொல்லிக்கிறேன், இது நான்தான்னு."